பென்சிலில் இருந்த பெயர்

பென்சிலால் எழுதிய பெயர், பெயர்தானா? நாலு வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. ஆமாம் என்றால் நான் ஒரு பெரிய தப்பைச் செய்திருக்கிறேன். இல்லை என்றால் எங்கள் தாலுகாவில் எத்தனையோ பேர் இத்தனை காலம் கணக்கில் வராமலேயே உழுது, நட்டு, அறுத்திருக்கிறார்கள். இரண்டில் எதைச் சொல்லிக்கொண்டாலும் நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

நான் பிறந்தது குத்தாலம் பக்கம். கல்லூரியில் மற்ற பாடங்களுக்கு இடம் முடிந்துபோயிருந்ததால் தத்துவத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் படிப்பால் எனக்கு ஒரே ஒரு லாபம், புகுந்த வீட்டில் எல்லாருக்கும் நான் ஒரு சிரிப்புப் பொருள். "தத்துவம் படிச்ச பொண்ணுப்பா, சாம்பார்ல உப்பு இருக்கா இல்லையான்னு ரெண்டு நாள் யோசிச்சுத்தான் சொல்லும்" என்பார் கணவரின் அண்ணன். எனக்கும் சிரிப்பு வரும். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்து, பிறகு யோசித்தது சரிதானா என்று மூன்றாம் தடவை யோசிக்கிறவள்தான் நான்.

வகுப்பில் ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை. தரையில் குடம் இல்லை. தரை கண்ணுக்குத் தெரிகிறது. குடம் இல்லாதது கண்ணுக்குத் தெரிகிறதா? இல்லாமை என்பதும் ஒரு பொருள்தான், அதையும் நாம் அறிகிறோம் என்று பழைய தருக்கக்காரர்களில் ஒரு சாரார் சொன்னார்களாம். மூன்று வாரம் இதே பாடம் நடந்தது. நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னைக்கும் குடம் வரலியா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். கணவருக்கு வேதாரண்யத்தில் பள்ளிக்கூட எழுத்தர் வேலை. அங்கேயே தங்கிவிட்டு சனிக்கிழமைதோறும் நாகப்பட்டினத்தில் பஸ் மாறி வீட்டுக்கு வருவார். என் மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது, தாலுகா ஆபீசில் நிலப் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள், தமிழ் டைப் தெரிந்தவர்கள் வேண்டும் என்றார்கள். ஒப்பந்த வேலைதான். பின்னால் நிரந்தரம் ஆகும் என்று பேச்சு. எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டுப் போவதா என்று ஒரு வாரம் அழுதேன். எட்டாவது நாள் போனேன்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். அவருடைய மாமனார் காலத்தில் பண்ணையில் கூலிக்கு நின்ற குடும்பம் அது. மாமனார் கொடி பிடித்து, ஊர்வலம் போய், இரண்டு தடவை உள்ளேயும் இருந்துவிட்டு வந்து, கடைசியில் தார்ரோட்டை ஒட்டி மதகடியில் ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகமான நிலத்தைக் குத்தகைக்கு வாங்கினார். காகிதம் கிடையாது. வாய்ப்பேச்சுதான். அறுவடை முடிந்ததும் தஞ்சாவூரில் இருக்கும் நிலத்துக்காரர் வீட்டுக்கு மூட்டை போய்விடும். நிலத்துக்காரரின் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். இப்படியே முப்பது வருடம் ஓடியிருக்கிறது.

என் அம்மா வீட்டில் என்றால் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள், கொல்லைப்புறமாக வரச் சொல்லியிருப்பார்கள். நான் அக்கா என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் என்னைப் பாப்பாம்மா என்பார்.

அக்கா வயலுக்குப் போகும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போவார். மதகடியில் ஒரு புங்க மரம். அதில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வயலில் இறங்கிவிடுவார். எனக்கு ஆபீசில் இருப்புக் கொள்ளாது. பாம்பு வருமோ, தண்ணீர் திறந்துவிட்டார்களோ, தூளிக் கயிறு அறுந்திருக்குமோ என்று விரல் ஒரு பக்கம் அடிக்க, மனசு மதகடியில் கிடக்கும். பதினோரு மணிக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சர்வே நம்பர்களை அடிப்பேன். அந்த ஐந்து மா எந்த சர்வே நம்பரில் வருகிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எங்களுக்கு அது மதகடி. பதிவேட்டில் மதகடி என்று ஒன்று கிடையாது. எண்தான்.

பதிவேடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எதிரே நிலத்துக்காரர் பெயர் மையில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் யார் சாகுபடி செய்கிறார் என்று ஒரு கட்டம். நிறைய வரிகளில் அந்தக் கட்டத்தில் பென்சில்தான். முதல் நாள் பதிவேடு கொண்டுவந்த கிராம நிர்வாக அலுவலரிடம் ஏன் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மையில எழுதினா மேல இருக்கிறவர் கோச்சுக்குவார். எழுதாம விட்டா கீழ இருக்கிறவன் கோச்சுக்குவான். பென்சில்ல எழுதினா ரெண்டு பேரும் என்னோட உக்காந்து டீ குடிப்பாங்க."

ஜமாபந்தி என்று வருடத்துக்கு ஒரு தடவை மேலதிகாரிகள் வந்து ஊர்க் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். நிலத்துக்காரர் கெடுபிடியானவராக இருந்தால் அதற்கு முதல் நாள் ரப்பர் போட்டு அழித்துவிடுவார்களாம். தணிக்கை முடிந்ததும் மறுபடி எழுதிவிடுவார்களாம். வருடத்தில் ஒரு நாள் இல்லாமல் போய், மறுநாள் திரும்பி வந்துவிடுகிற மனிதர்கள். சட்டப்படி குத்தகைதாரராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று எந்தக் காலத்திலோ சொல்லியாயிற்று. பதிவு செய்தால் நிலத்துக்காரர் முகம் மாறும், அடுத்த வருடம் நிலம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்தவர்கள்தான் பென்சிலோடு நின்றுவிட்டார்கள்.

இதை நல்ல ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. அது கோழைத்தனமாகவும் இருந்திருக்கலாம். ஒருவனை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்பதற்காகவே வைத்திருந்த பென்சில் அது. ஆனால் அந்தப் பென்சிலில் ஊருக்கே தெரிந்த ஒரு உண்மை இருந்தது. வெளியே சொல்ல முடியாத, ஆனால் மறுக்கவும் முடியாத உண்மை.

கம்ப்யூட்டரில் அதை எங்கே போடுவது? எங்களுக்கு மேற்பார்வை பார்த்த இளைஞர் மதுரைப் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை. பதிவேட்டைத் திருப்பிக் காட்டிக் கேட்டேன்.

"கீபோர்டுல பென்சில் எங்க இருக்குன்னு காட்டுங்க மேடம், அடிச்சிருவோம்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு அடிக்கடி காதில் கேட்கிறது.

மையில் இருப்பதை மட்டும் ஏற்றச் சொன்னார். அப்படியென்றால் சாகுபடிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறேன் என்றேன். காலியாக விட முடியாது. ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டினால், முந்தைய கட்டத்தில் இருக்கும் நிலத்துக்காரர் பெயரையே அது தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளும். எங்கோ ஒரு அறையில் யாரோ ஒருவர், எங்களுக்கு வேலை குறையட்டும் என்று நல்ல மனசோடுதான் அப்படி அமைத்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்று சொல்ல அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. குடம் இல்லாத தரையைக் காட்டினால், அங்கே வேறு யாருடைய குடத்தையோ கொண்டுவந்து வைத்துவிட்டது. வெளிநாட்டில் பனியில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் எங்கள் ஊரில் சேற்றில் இறங்கி நடவு நட்டவர்கள் ஆனார்கள்.

மறுநாள் மறுபடி போய்க் கேட்டேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "பென்சிலை ஏத்தினா, நாளைக்கு கோர்ட்ல கூப்பிட்டு யார் ஏத்தினதுன்னு கேப்பாங்க. நீங்க போய் நிப்பீங்களா மேடம்?"

கைக்குழந்தைக்காரி. ஒப்பந்த வேலை. நான் நிற்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்து என்டரைத் தட்டினேன். ஏழு மாதம் தட்டினேன். வேகமாகவும் பிழையில்லாமலும் அடிப்பவள் என்று பெயர் எடுத்தேன். பதிவேட்டில் இருந்ததற்கும் நான் ஏற்றியதற்கும் ஒரு எழுத்துகூட மாற்றம் இல்லை, பென்சிலைத் தவிர.

ஒரு சாயங்காலம் குழந்தையை வாங்கப் போனபோது அக்கா கேட்டார். "அந்தப் பொட்டிக்குள்ள ஊரு முழுக்க இருக்காமே. நாங்களும் இருக்கமா, பாப்பாம்மா?"

"எல்லாரும் இருக்காங்க அக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்தது. உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் வீட்டில் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். இறந்த பிறகும் சொல்லமாட்டார்கள். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இருந்த சாமிப் படத்தைக் கண்ணால் காட்டினார். அந்தச் சாமியின் பெயரில் எங்கள் ஊரில் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயரையாவது அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கலாம். குழந்தைக்கு அன்று இருமல். நாளைக்குக் கேட்போம் என்று வந்துவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை. அநேகமாக அதற்கு முந்தைய வாரமே அந்த வரியைத் தாண்டியிருப்பேன்.

ஆட்சி மாறியது. சுவர்களில் சின்னங்கள் மாறின. போனவர்களும் வந்தவர்களும் கம்ப்யூட்டர் பட்டா தங்கள் சாதனை என்றார்கள். என்னை ஜன்னலில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் சர்வே நம்பர் சொன்னால் நகல் எடுத்துக் கொடுக்கும் வேலை. இன்னும் ஒப்பந்தம்தான். நிரந்தரத்துக்கான பட்டியலில் என் பெயர் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் ஆபீசில் முடியாது என்றால் ஜனங்கள் சண்டை போடுவார்கள், மண்ணை வாரி இறைப்பார்கள், சாபம் விடுவார்கள், சிலர் காலில்கூட விழுவார்கள். எதிரே ஒரு மனிதர் இருந்தார். அவருக்குக் கோபம் வரும், வெட்கம் வரும், சில நாள் மனசும் இளகும். இப்போது நான், "கம்ப்யூட்டர்ல இல்லைங்க" என்பேன். அவ்வளவுதான். மறுபேச்சு இல்லாமல் போய்விடுகிறார்கள். யாருக்கும் தலைவணங்காதே என்று மேடை போட்டுச் சொல்லிக்கொடுத்த மண் இது. பண்ணையார் பேச்சை எதிர்த்துப் பேசிய ஜனம், பெட்டியின் பேச்சை எதிர்த்துப் பேசவில்லை. அதற்குச் சாதி கிடையாது, கட்சி கிடையாது, அது பொய் சொல்லாது என்று நம்புகிறார்கள். நான் சொன்னதைத்தான் அது சொல்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன ஆவணியில் நிலத்துக்காரரின் இளைய மகன் ஊருக்கு வந்தார். தார்ரோட்டை ஒட்டிய நிலம், மனைக்கு நல்ல விலை போகும். சம்பாவுக்கு அக்கா நாற்றங்கால் விட்டு, விதை முளைத்துப் பச்சை கட்டியிருந்தது. அதன் நடுவில் வெள்ளையும் சிவப்புமாகக் கல் ஊன்றிவிட்டுப் போய்விட்டார்கள். புங்க மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல். அக்கா போய்க் கேட்டதற்கு அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னாராம். "ரெக்கார்டுல நாங்களே பயிர் வைக்கிறதா இருக்கேம்மா. நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் விவசாயிகள் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு அக்கா ஆபீசுக்கு வந்தார். வரிசையில் நின்று என் ஜன்னலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த கலக்கம் அப்படியே போய்விட்டது. சங்கத்துக்காரர் சர்வே நம்பர் சொன்னார். அந்த எண்ணை அடித்தேன். நிலத்துக்காரர் பெயர் வந்தது. சாகுபடி செய்பவர் கட்டத்திலும் அதே பெயர்.

"இல்லைக்கா" என்றேன்.

அக்கா சங்கத்துக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். "நீங்க பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும், பாப்பாம்மா. எங்க மேலதான் ஏதோ தப்பு."

நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். சாயங்காலம் குழந்தையை வாங்கப் போனபோது எப்போதும்போல முகம் கழுவிப் பொட்டு வைத்துத் தயாராக வைத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து, பழைய பதிவேடுகள் கட்டிப் போட்டிருக்கும் அறையின் சாவியைக் கேட்டு வாங்கினேன். கரையான் ஏறாத கட்டுதான். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. நாட்காட்டிச் சாமியின் பெயர். அடியில், இறந்துவிட்டார் என்பதற்காகக் குறுக்கே ஒரு கோடு போட்டு, மனைவி என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். அக்காவின் பெயர் அங்கேயும் இல்லை. பக்கத்தின் ஓரத்தில் என் கைப்பட ஒரு டிக். ஏற்றியாயிற்று என்பதற்கு அடையாளம்.

மேலே கீழே பார்த்தேன். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஆறு பென்சில் பெயர்கள். பக்கங்களைப் புரட்டப் பயமாக இருந்தது. கட்டிவைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கட்டுகளை எல்லாம் மாவட்டத் தலைமையிடத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்கிறார்கள். அனுப்பினால் இருக்குமா, அழிப்பார்களா, தெரியவில்லை.

மேற்பார்வையாளரிடம் பூடகமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும், பென்சிலில் இருந்தவர்கள் எல்லாரும் உண்மையில் உழுதவர்கள்தானா என்று யார் சொல்வது என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். வேண்டியவர் பெயரைப் பென்சிலில் எழுதி வைத்த கதைகளும் உண்டு. கணவரிடம் சொன்னேன். நிரந்தரம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அதற்குள் மதகடியில் வீடு எழும்பிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை அவரிடமும் சொல்லவில்லை. என் கையில் கடவுச்சொல் இருக்கிறது. அந்தக் கட்டத்தைத் திறந்து அக்காவின் பெயரை அடிக்க ஒரு நிமிடம் ஆகாது. அடித்தால் அது அப்படியே நம்பும். ஒரு மதியம், திரையில் அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைத்தானே எழுதப்போகிறேன் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று தோன்றியது. நான் ஒரு நல்லது செய்ய எவ்வளவு சுலபமோ, அவ்வளவு சுலபம் இன்னொருத்தர் ஒரு கெட்டது செய்ய. ஊர் முழுக்கச் சாட்சியாக நின்ற ஒரு விஷயம், இப்போது ஒருத்தியின் சுண்டுவிரலில் வந்து நிற்கிறது. மூடிவிட்டேன்.

என் மகளுக்கு இப்போது நாலரை வயது. அவள் காலத்தில் நிலம் மட்டும் இல்லை, யார் யாருக்கு என்ன உறவு, யார் நோயாளி, யார் ஏழை, எல்லாவற்றையும் இந்தப் பெட்டியிடம்தான் கேட்பார்கள் என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருக்கும். கட்டத்தில் அடங்காதவர்களுக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருப்பவரின் பெயர் தானாக வந்து விழும். உண்டா இல்லையா என்று மூன்று வாரம் வகுப்பில் உட்கார்ந்து பேச அப்போது யாருக்கும் தேவை இருக்காது. அது முன்பே, யாருமே பார்க்காத ஒரு அறையில், முடிவாகியிருக்கும். தத்துவம் படித்தவள் ஒருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்ன செய்தாள்? என்டரைத் தட்டினாள்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது வாசலில் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. என் மகள் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு டக்டக்கென்று தட்டுகிறாள். எதிரே அக்கா குத்துக்காலிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"உங்க பேரு இல்லையே, போங்க" என்றாள் என் மகள்.

"நல்லாப் பாருங்க மேடம், ஓரமா எங்கயாச்சும் இருக்கும்" என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே.

"கம்ப்யூட்டர்ல இல்லை. அடுத்த ஆளு வாங்க."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நான் குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் கோபப்படுகிறேன் என்று இருவருக்கும் புரியவில்லை.

கோட்டாட்சியர் விசாரணை அடுத்த மாதம். அக்கா மனு கொடுத்திருக்கிறார். அவர் பக்கத்தில் காகிதம் என்று இருப்பது நான் கொடுத்த அந்த நகல் ஒன்றுதான், அதுவும் அவருக்கு எதிரானது. அந்தப் பதிவேடு கட்டுக்குள் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, சங்கத்துக்காரர்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் போய்ச் சொன்னால் பட்டியலிலிருந்து என் பெயர் போகும். சொன்னாலும் பென்சிலை அவர்கள் ஏற்பார்களா என்று தெரியாது. சொல்லாவிட்டால் நாற்றங்காலில் கல் அப்படியே நிற்கும். இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் வேறு. நான்தான் அந்த வரியைத் தாண்டிப் போனவள் என்று தெரிந்த பிறகு, அக்கா என் மகளை எப்படித் தூக்குவார்?

இதைப் படிக்கிறவர்களில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். இப்படி ஒரு ஜன்னலில் உட்கார்ந்தவர்களும் இருப்பீர்கள், ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் இருப்பீர்கள். விசாரணைக்குப் போக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நாளைக் காலை அந்த நினைப்பு மாறிவிடும் என்றும் எனக்குத் தெரியும். அதற்குள் எனக்குச் சொல்லுங்கள். முதலில் அக்காவிடம் சொல்லட்டுமா, விசாரணையில் சொல்லட்டுமா? அக்காவிடம் சொல்வதென்றால், எந்த வார்த்தையில் தொடங்குவது?